கூத்துக் கொப்பி, பாட்டுக் கசெட், பழைய கடிதம்: மலையகக் கலைஞர்களின் ஆவணங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கூத்து வாத்தியார்கள், தப்பு என்கிற பறையை அடித்த தப்புக்காரர்கள், நாடகம் எழுதியவர்கள், மேடையில் பாடியவர்கள் விட்டுப்போன கொப்பி, கடிதம், படம், கசெட் எல்லாவற்றையும் அந்தந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்து, பட்டியல் எழுதி, பத்திரமான இடத்தில் சேர்க்கிற வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். ஹட்டன் பக்கம் போனாலும் பண்டாரவளைப் பக்கம் போனாலும் தேத்தண்ணி வந்து வைத்த கையோடு அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலும் திருப்பித் திருப்பிச் சொன்ன பதில்களை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கப்பா தப்பு அடித்தவர், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. அவருக்கு என்ன ஆவணம் இருக்கப்போகிறது?

இருக்கும். அவர் எழுதியது மட்டும்தான் ஆவணம் என்று இல்லை. அவருக்கு வந்தது, அவரைப் பற்றி வந்தது, அவர் எறியாமல் எடுத்து வைத்தது எல்லாமே சேரும். திருவிழாவுக்கு வரச்சொல்லி அடுத்த தோட்டத்துக் கோயில் கமிட்டி அனுப்பிய கடிதம், நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அச்சான அவர் பெயர், சால்வை போட்டபோது எடுத்த படம், தோல் வாங்கிய கடைப் பில் எல்லாம் ஆவணம்தான். ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள். அந்த வேலையைச் செய்தவர் என்றால் அதற்கு அவருக்கு எப்படிப் பேர் போட்டார்கள், அதாவது நாட்சம்பளம் பதிந்தார்கள், அரைப் பேரா முழுப் பேரா என்று காட்டுகிற ஒரு துண்டுக் கடதாசி கிடைத்தாலும் அது பெரிய விஷயம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தப்பு அடித்த குடும்பம் என்று வெளியில் தெரிவதற்குப் பிள்ளைகள் கூச்சப்படுகிற வீடுகள் உண்டு. சாதியைச் சொல்லி நம் சனமே அவர்களைத் தள்ளி நிறுத்தியதால் வந்த கூச்சம் அது. அதனாலேயே எரித்துப்போட்ட படங்கள் இருக்கின்றன. சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, காமனுக்கு ஒரு அடி என்று வேறு வேறு அடிகளைக் கையில் வைத்திருந்த மனிதர் ஒரு வித்துவான், அவர் பெயர் ஆவணத்தில் வித்துவான் என்றே நிற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் எதை வெளியில் விடுவது, எதை விடக்கூடாது என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தக் குடும்பம், நான் இல்லை.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

முதல் சுற்றில் ஒன்றையும் கழிக்காதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கொப்பியைக் காட்டுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற சி.ஆர். கொப்பிதான், மட்டை போய்ச் சீமெந்துப் பைக் கடதாசியால் உறை போட்டிருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே காமன் கூத்து என்று நீல மையில், மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற கூத்து அது. உள்ளே ரதி புலம்பல், தூதன் வருகை, வீரபத்திரன் வருகை எல்லாம் வரிசையாக. ஓரத்தில் சிவப்புப் பேனாவால் "இவ்விடம் தப்பு நிற்கும்", "இரண்டு தரம் பாடவும்" என்று குறிப்பு. இதுவரைக்கும் யாருமே இது முக்கியம் என்று ஒத்துக்கொள்வார்கள். பின்பக்கம் திருப்பினால் ஏழெட்டுப் பக்கத்துக்கு வெறும் கணக்கு: மனைவி எடுத்த கொழுந்து எத்தனை றாத்தல், கடையில் எவ்வளவு கடன், தீபாவளி முற்பணம் எவ்வளவு கழிந்தது என்று. வீட்டில் பேரன், "இதைக் கிழிச்சிட்டுப் பாட்டை மட்டும் குடுக்கவா?" என்று கேட்டான். அந்தக் கணக்குக்கு நடுவில்தான் அந்த வருடம் கூத்துக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்த விவரம் இருந்தது, யார் யார் கொடுத்தார்கள், யார் மன்மதன், யார் ரதி, உடுப்பு எங்கே வாடகைக்கு எடுத்தார்கள் என்பது வரைக்கும். காமன் கூத்துப் பாட்டு வேறு வாத்தியார்களிடமும் கிடைக்கும். ஒரு லயத்து வரிசை வீடுகளில் இருந்த மனிதர்கள் அரைவயிற்றுச் சம்பளத்தில் அந்தக் கூத்தை எப்படி நடத்தினார்கள் என்பது அந்தப் பின்பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அச்சில் வந்த சாமான்களுக்கும் இதே கதைதான். ஒரே நோட்டீஸ் ஐம்பது பிரதி இருந்தால் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம், அதற்கு மேல் ஒன்றும் கழிக்க வேண்டாம். ரோஜா முத்தையா என்று ஒருவர், பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர், தமிழ்நாட்டில் கோட்டையூரில் இருந்துகொண்டு புத்தகத்தோடு புத்தகமாக நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எறிவதையெல்லாம் சேர்த்தார். அவர் 1992 இல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பில்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்றைக்குப் பழைய நாடகத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

எல்லாவற்றையும் பிரித்து, பாட்டு தனி, கடிதம் தனி, படம் தனி என்று அடுக்கி வைத்துவிட்டோம். நல்லதுதானே?

நல்ல மனதோடு செய்தது, ஆனால் இனிமேல் செய்ய வேண்டாம். ஒரு கடிதம் எந்தக் கொப்பிக்குள் செருகியிருந்தது என்பதே ஒரு செய்தி. பொன்னர் சங்கர் கூத்துக் கொப்பிக்குள் ஒரு படம் இருந்தால், அந்தப் படம் அந்தக் கூத்தில் எடுத்தது என்று நம்ப ஓர் ஆதாரம் கிடைக்கிறது. உருவி எடுத்து அல்பத்தில் ஒட்டிவிட்டால் அது வேஷம் கட்டிய யாரோ நாலு பேர். அதனால் பெட்டியைத் திறந்ததும் கை வைப்பதற்கு முன்னால் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு மேலே இருப்பதிலிருந்து 1, 2, 3 என்று இலக்கம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே வாருங்கள். இலக்கம் பென்சிலால், மூலையில், மெதுவாக. பேனா வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம். ஏற்கெனவே பிரித்தவர்கள் கவலைப்படாமல் எது எங்கே இருந்தது என்று ஞாபகம் உள்ளவரை ஒரு கடதாசியில் எழுதி அதே பெட்டியில் போட்டு வையுங்கள்.

ஒருவருடைய ஆவணங்களை ஒரே கட்டாக வைத்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். மூத்தவனுக்குக் கொப்பி, இளையவளுக்குப் படம், மருமகனுக்குக் கசெட் என்று பாகம் பிரித்தால் பத்து வருடத்தில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு இருந்ததே தெரியாமல் போகும். பாகம் கட்டாயம் என்றால் பிரதி எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், மூலம் ஓரிடத்தில் இருக்கட்டும்.

படத்தில் இருப்பவர்கள் யாரென்று பாதிப்பேரைத் தெரியாது. அப்படியே கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற பேர்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் திக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அவர் கல்லறையை இன்றும் பார்க்கலாம். இங்கே அவர் எடுத்த படங்களில் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. அதில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். படம் எடுத்தவருடைய கடிதம் பத்திரமாக இருக்கிறது, அவர் குடும்ப வரலாறு இருக்கிறது, படத்தில் நேராக நம்மைப் பார்த்து நிற்கிற அந்தப் பெண்ணுக்கோ ஆணுக்கோ பெரும்பாலும் பெயர் கிடையாது. நூற்றைம்பது வருடமாகிறது, இனி யாரைப் போய்க் கேட்பது? உங்கள் கையில் இருக்கிற 1970 ஆம் ஆண்டுப் படத்துக்கு அந்த நிலைமை இல்லை. மேல் லயத்தில் ஓர் ஆச்சி இருப்பார், "இது தொங்கல் காம்பராக் கங்காணி மகன், ரதி வேஷம் கட்டுனவன், அப்புறம் இந்தியா போயிட்டான்" என்று ஒரே மூச்சில் சொல்லுவார். படத்தை அவரிடம் கொண்டுபோங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பின்னால் ஓரமாக மெல்லிய பென்சிலால் எழுதலாம், வழுவழுப்பான கலர்ப் படத்தில் பென்சில் பிடிக்காது, அதைக் கடதாசி உறையில் போட்டு உறையின் மேல் எழுதுங்கள். உறையில் எழுதிவிட்டுப் படத்தை உள்ளே போடுங்கள், போட்டபின் எழுதினால் தடம் விழும்.

இந்த மழையிலும் பனியிலும் வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

நம் ஊரில் கடதாசிக்கு முதல் எதிரி ஈரம்தான். வட்டவளை இலங்கையிலேயே கூடுதல் மழை விழுகிற இடங்களில் ஒன்று, அந்தப் பக்கத்து லயங்களில் அலுமாரிக்குள் இருக்கிற துணியே பூஞ்சணம் பிடிக்கிறது. பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள், வெளிச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், தகரத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளே நடுச்சுவர்ப் பக்கம், ஒரு பலகையின் மேல், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் போதும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது பழைய வழக்கம். புகைக்குப் பூச்சி வராது என்பது உண்மைதான், ஆனால் சூட்டிலும் கரியிலும் தாள் அப்பளம்போல ஆகிவிடும், தொட்டால் நொறுங்கும்.

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி நல்லதா என்று கேட்கிறார்கள். உள்ளே வைக்கிற தாள் நன்றாகக் காய்ந்திருந்தால் நல்லது, ஈரத்தோடு வைத்து மூடினால் பூஞ்சணத்தை வளர்க்க நீங்களே வீடு கட்டிக் கொடுத்தது மாதிரி. அதனால் பெட்டி கட்டுகிற வேலைக்குக் காலம் பாருங்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் என்றால் தை, மாசி, பங்குனி. பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஐப்பசிக்குப் பிறகுதான் பெரிய மழை, அங்கே ஆனி தொடங்கி ஆவணி வரைக்கும் நல்ல வறண்ட காலம். நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு நாள் விரித்து வைத்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். நேர் வெயில் வேண்டாம், நீல மை வெளுத்துவிடும். சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடலாம், ஆனால் அதுவும் ஈரம் குடித்து நிரம்பும், வருடத்தில் ஓரிரு முறை மாற்ற வேண்டும். பூச்சி உருண்டையைப் படத்தோடும் கசெட்டோடும் போடவே கூடாது. வேப்பிலை, வசம்பு எல்லாம் ஏட்டுச்சுவடிக்கு நம் முன்னோர் பாவித்ததுதான், ஆனால் காய்ந்த இலையைத் தாளுக்குள்ளே செருகினால் கறை பிடிக்கும், அந்த இலையிலேயே பூச்சி வரும்.

குண்டூசி, கிளிப், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், துரு ஏறினால் தாளில் ஓட்டை விழும். ராமபாணப் பூச்சியும் கறையானும் பெட்டியை வருடக்கணக்காகத் திறக்காமல் விட்டால்தான் தைரியமாகக் குடியேறுகின்றன. பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்கிறோமே, அன்றைக்கு அந்தப் பெட்டியையும் திறந்து பாருங்கள்.

கிழிந்த பக்கத்தை ஒட்டலாமா? லேமினேட் பண்ணலாமா?

இரண்டும் வேண்டாம். டேப் மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேட் பண்ணியதைத் திரும்பப் பிரிக்க முடியாது, சூடு பட்ட தாள் உள்ளேயே கெடும். கிழிந்த துண்டுகளை ஒரு சுத்தமான கடதாசி உறையில் ஒன்றாகப் போட்டு வையுங்கள், ஒட்டுவதற்கு என்றே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

இரண்டு நாளுக்குள் என்றால் நிறையச் செய்யலாம், அதற்குப் பிறகு பூஞ்சணம் தொடங்கிவிடும். ஒட்டியிருக்கும் பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். கொப்பியை நிமிர்த்தி விசிறிபோல விரித்து நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் நிழலில் காய விடுங்கள். இடையிடையே மை இல்லாத வெள்ளைத் தாளையோ பழைய பருத்தித் துணியையோ வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். நிறைய நனைந்திருந்தால், ஒரேயடியாகக் காய வைக்க இடமில்லை என்றால், பொலித்தீன் பையில் தனித்தனியாகச் சுற்றிக் குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் வைத்துவிடலாம். கடை வைத்திருப்பவர் யாராவது ஆழ்குளிர்பெட்டி வைத்திருப்பார், கேளுங்கள். உறைந்துவிட்டால் பூஞ்சணம் வளராது, ஆறுதலாக ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். ஆனால் படமும் கசெட்டும் ஐஸ் அறைக்குப் போகக்கூடாது.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர் போன இடத்தில் கடதாசியைப் பற்றிப் பேசுவது சரியா என்று எனக்குள்ளே தயக்கம் உண்டு. ஆனாலும் மண்சரிவு எச்சரிக்கை உள்ள இடத்தில் இருக்கிறவர்களிடம் சொல்கிறேன்: பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை வைத்திருக்கிற அவசரப் பையிலேயே அந்தக் கொப்பியின் பிரதி உள்ள பென் டிரைவையும் போட்டு வையுங்கள். மூலத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

போனில் படம் எடுத்துவிட்டேன், அது போதாதா? மூலத்தை எறியலாமா?

போன் படம் ஒன்றுமில்லாததற்கு ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மூலத்தை எறியவே கூடாது. மை மாறிய இடம், தாளுக்கு அடியில் அழித்து எழுதிய சொல், எந்தப் பக்கம் அதிகம் புரட்டிப் புரட்டி அழுக்காகியிருக்கிறது என்பதெல்லாம் மூலத்தில்தான் தெரியும். எடுக்கிறபோது வாசல் பக்க வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, மட்டை, வெறும் பக்கம், பின்மட்டை எல்லாம் விடாமல் எடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் குறைந்தது 300 புள்ளி அடர்த்தி (dpi), படங்களுக்கு 600. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டொகியூமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பெட்டியில் போட்ட அதே இலக்கத்தை வையுங்கள். மூன்று பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையிடம் இருந்தாலும் சரி.

கசெட்டுகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. ரேடியோவில் போட்டுப் பார்க்கலாமா?

போடுவதற்கு முன்னால் சின்ன ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம், அதைப் போடாதீர்கள், நாடாவும் கெடும், மெஷினின் தலையும் கெடும், அடுத்த கசெட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால் முதலில் கசெட்டின் மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள், அப்படியென்றால் தவறி ரெக்கோட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. பிறகு ஒருமுறை முழுவதும் ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றிவிட்டு, கணினியில் இணைத்து, எம்பி3 ஆக இல்லாமல் வேவ் கோப்பாகப் பதியுங்கள். நாடா அறுந்திருந்தால் அதை விட்டுவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பாட்டு முடிந்ததும் நிறுத்தாதீர்கள், இரண்டு பக்கத்தையும் கடைசி வரைக்கும் ஓடவிடுங்கள். ஒரு கசெட்டில் பாட்டு முடிந்த பிறகு பத்து நிமிடத்துக்குத் தகரத்தில் மழை விழுகிற சத்தம், ஒரு குழந்தை அழுகிறது, யாரோ, "அடுத்தது நீ பாடு மாமா, வெக்கப்படாத" என்கிறார், அந்த மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு வரி பாடிவிட்டு மறந்துபோய்ச் சிரிக்கிறார். வீட்டார் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அது யாரென்று கண்டுபிடித்தார்கள்.

அம்மாயி தாலாட்டும் ஒப்பாரியும் பாடுவார், ஒரு வரியும் எழுத்தில் இல்லை. அதற்கு என்ன வழி?

பாடச்சொல்லிப் பதியுங்கள், வேறு வழியே இல்லை. பெண்கள் பக்கத்தில் காகிதம் குறைவு, அதனால் ஆவணக் காப்பகத்தில் அவர்கள் பெயரும் குறைவு. இத்தனைக்கும் நம் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு பெண் பாட்டோடு நிற்கிறார்: தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், கூட்டங்களில் பாடி, 1940 இல் பாட்டுகளை அச்சில் கொண்டுவந்தார். அச்சில் வந்ததால்தான் இன்றைக்கும் பேசுகிறோம். மடக்கும்புரவில் பிறந்து, 1947 இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன ஸி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் திரட்டி வைத்திராவிட்டால் இன்னும் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒப்பாரியைச் சும்மா பாடச்சொல்லிக் கேட்காதீர்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைக்க மாட்டார்கள், அவர்கள் மனம் ஒப்பாது. காடு வெட்டித் தேயிலை நட்ட கதையில் தொடங்கினால் அவர்களே எப்போது பாடலாம் என்று சொல்லுவார்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் பெயர், தோட்டம், டிவிஷன், திகதி ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் தொலைந்தாலும் குரல் தொலையாது.

எங்கே கொடுப்பது?

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது, 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அரச ஆவணங்களோடு தனியார் சேகரிப்புகளும் அங்கே உண்டு. கம்பளைக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கிறது, ஒரு பழைய லயத்திலேயே 2007 இல் தொடங்கியது. தொழிலாளியின் வாழ்க்கைக்காகவே உள்ள இடம் என்பதால் தப்பு, உடுக்கு, சலங்கை மாதிரிப் பொருளும் கடதாசியும் ஒன்றாக இருக்கிற சேகரிப்பு என்றால் முதலில் அங்கே பேசிப் பார்ப்பேன். கண்டியில் ஹந்தானையில் இருக்கிற தேயிலை அருங்காட்சியகம் வேறு, அது தொழிற்சாலையையும் இயந்திரத்தையும் காட்டுகிற இடம், இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேட்கலாம். மூலத்தைக் கைவிட மனமில்லை, பிரதி மட்டும் உலகத்துக்குக் கிடைத்தால் போதும் என்றால் நூலகம் நிறுவனம் இருக்கிறது, 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் மின்னூலாக்கி இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பல்லூடகத்துக்கு ஆவணகம் என்ற தனித் தளமும் அவர்களுடையதுதான்.

எங்கே கொடுத்தாலும் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் தருவார்களா? இது அன்பளிப்பா, பத்திரப்படுத்த மட்டும் ஒப்படைப்பதா? பிரதி எங்களுக்குக் கிடைக்குமா? பட்டியல் தமிழில் இருக்குமா? நாங்கள் வந்து பார்க்க முடியுமா? கடைசிக் கேள்வியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கண்டிச் சிற்பிகளையும் ஓவியர்களையும் கிராமம் கிராமமாகத் தேடிப்போய்ப் படமெடுத்து எழுதிய கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமியின் ஆவணங்கள் இன்று அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அங்கே பத்திரமாகத்தான் இருக்கும், அவர் வாழ்க்கையின் பின்பாதியும் அந்த நாட்டில்தான் போனது. ஆனால் மாவனல்லையிலிருந்தோ மாத்தளையிலிருந்தோ ஒரு பிள்ளை அதைப் போய்ப் பார்ப்பது லேசான காரியமா? பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் 2004 இல் தொடங்கியது, மூலம் அந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, மின்பிரதி மட்டும் எடுக்கலாம் என்பது அவர்கள் விதி. வெளிநாட்டிலிருந்து யார் வந்து கேட்டாலும் இதே விதியை நீங்களும் சொல்லலாம்.

கொடுத்துவிட்டால் பாட்டு அவர்களுக்குச் சொந்தமாகிவிடுமா?

ஆகாது. கடதாசி வேறு, அதில் உள்ள படைப்பு வேறு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவர் வாழ்நாளும் அவர் இறந்து 70 வருடமும் உரிமை உண்டு, அவருக்குப் பிறகு அது வாரிசுகளுக்குப் போகும். நீங்கள் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்தால்தான் அது கைமாறும். அதனால் ஒப்பந்தத்தில் "சகல உரிமைகளும்" என்று ஒரு வரி இருந்தால் நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். ஒருவருக்கு வந்த கடிதத்தின் உரிமை அதை எழுதியவருக்கு, கையில் வைத்திருக்கிறவருக்கு இல்லை, இதையும் மறக்க வேண்டாம். வழிவழியாக வந்த, யார் கட்டினார்கள் என்று தெரியாத பாட்டுகளை நாட்டார் வழக்காறு என்று அதே சட்டம் தனியாகப் பாதுகாக்கிறது.

குடும்பச் சண்டை, கடன், காதல் எல்லாம் அந்தக் கடிதங்களில் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது?

எரிக்காதீர்கள், மூடி வையுங்கள். இந்த உறையை இன்ன வருடம் வரைக்கும் திறக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கலாம், ஆவணக் காப்பகங்களுக்கு இது பழக்கமான விஷயம். உயிரோடு இருக்கிற இன்னொருவரைப் பற்றி இருந்தால் இணையத்தில் போட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வாத்தியார் இந்தியாவுக்குப் போய்விட்டார். அவருடைய கொப்பியை இனித் தேட முடியுமா?

தேடலாம். 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த நம் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்றும் கணக்குப் போட்டது. கணக்கில் ஆள்தான் இருந்தது, ஆளோடு போன கூத்தும் பாட்டும் யார் கணக்கிலும் இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் ரங்குப் பெட்டியில் பாத்திரத்தோடும் துணியோடும் அந்தக் கொப்பிகளையும் வைத்தார்கள். பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைத் தோட்டத்துக்கே போனார்கள். அதனால் ஒரு கூத்தின் முதல் பாதி இங்கேயும் மறுபாதி அங்கேயும் இருப்பது நடக்கிற காரியம். இங்கே உள்ள குடும்பங்களிடம் பழைய கடித உறைகள் இருந்தால் அதில் அனுப்பியவர் விலாசம் இருக்கும், அதுதான் முதல் நூல். உறையை எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் வைக்காதீர்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான். அந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தால் மூலத்தை இங்கே அனுப்பு என்று கேட்க வேண்டாம், அது அவர்களுடைய வாழ்க்கையும்தான். பிரதி மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் வாங்குகிறவர் நல்ல விலை சொல்கிறார்.

சம்பளம் பற்றாத வீட்டில் காசு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும் கேட்கிறேன், கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் தாருங்கள், முழுவதையும் படமெடுத்துவிடலாம். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்காதீர்கள். சால்வையும் சலங்கையும் விலை போகும், கொப்பியை அவர்கள் பெரும்பாலும் எடைக்குத்தான் கேட்பார்கள்.

வாத்தியார் உயிரோடு இருக்கிறார், கொப்பியைக் காட்டவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

வற்புறுத்தாதீர்கள். அவருக்கு அது வித்தை, குருவிடம் பணிந்து நின்று வாங்கியது, விரதம் இருந்து ஆடுவித்தது. போனை நீட்டிக்கொண்டு வருகிறவனிடம் ஏன் கொடுக்க வேண்டும்? கொப்பியைக் கேட்காமல் கூத்தைப் பற்றிக் கேளுங்கள். மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றியதிலிருந்து காமன் எரிகிற நாள் வரைக்கும் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருங்கள். கொப்பியில் இருப்பது பாதிதான். மெட்டு எங்கே ஏறும், எந்த வரியில் ரதி உட்கார வேண்டும், எந்தப் பாட்டை எந்த நாளில் பாடக்கூடாது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது, கொப்பி கிடைத்து அவர் இல்லாமல் போனால் நமக்கு எழுத்து மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு வாத்தியாரிடம் இரண்டு முறை போய்ச் சும்மா பேசிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை போனபோது அவரே பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து என் மடியில் வைத்து, "கண்ணுல பூ விழுந்திருச்சி, எனக்கு எழுத்துத் தெரியல, நீ வாசி" என்றார். வாசித்தேன். இரண்டாவது அடியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, "அது அப்படி இல்ல, நாந்தான் அன்னைக்குப் பிழையா எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சரியான அடியைப் பாடிக் காட்டினார். கொப்பியில் கை வைக்காமல், ஒரு தனித் தாளில் அந்த அடியையும் திகதியையும் அவர் பெயரையும் பென்சிலால் எழுதி, அதே பக்கத்துக்குள் செருகி வைத்திருக்கிறேன்.